இடது முன்சக்கரத்துப் பேரிங்

1

இந்தக் கையால் நான் உண்டாக்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் பாதையோரம், பாறையை உடைத்துச் சமப்படுத்திய இடத்தில் நாலு அறை வீடு. மழைக்கு மண் சரியாமல் இருக்க அதன் முதுகுக்குக் கல்கட்டு. ஒவ்வொரு கல்லும் நான் சுமந்தது. வாடகைக்கு ஓட்டுகிற ஒரு ஹயர் கார். துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப் போனதை வாங்கி, எஞ்சினை மூன்று தடவை நானே இறக்கி ஏற்றி ஓடவிட்டிருக்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை. மூன்று பிள்ளைகளுக்குப் படிப்பு. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. துறையூர்ப் பக்கம் நம் ஊரிலிருந்து இடுப்பில் ஒரு துண்டோடு வந்து, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி, அணைக்கட்டு வேலையில் லாரிக்குக் கீழே படுத்து மெக்கானிக் வேலை கற்றவன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. திட்டு வாங்கிக் கற்றேன்.

ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு சிலோன் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டம் பச்சையாக இருக்கும், பனி இறங்கும், குளிரும் என்று எழுதினால் உங்களுக்குப் போதும் என்பது தெரியும். போன வாரம் கண்டியிலிருந்து இரண்டு கடுதாசி ஒரே நாளில் வந்ததால், நான் அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

2

இங்கே எங்களுக்கு எல்லாம் தாளில் இருக்கிறது. வெள்ளைக்காரன் போன கையோடு, நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. இந்த நாட்டுக்காரன் என்று ஆக வேண்டுமானால் விண்ணப்பம் போடு, இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்தேன் என்று நிரூபி என்றார்கள். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஊருக்குப் போய் இருந்திருந்தால் சங்கிலி அறுந்தது, விண்ணப்பமும் அறுந்தது. எனக்கும் என் சம்சாரம் அங்கம்மாளுக்கும் சேர்த்து ஒரு தாள். மூத்தவன் தங்கராசுக்குத் தனித் தாள். கட்டிக்கொடுத்த இரண்டு பெண்களும் புருஷன்மார் தாளில். போட்டுவிட்டு எட்டு வருஷம் காத்திருந்தோம்.

தங்கராசு இங்கேயே பிறந்தவன். மின்சார நிலையத்தில் லாரி ஓட்டுகிறான், தற்காலிகமாக. பிரஜைத் தாள் காட்டினால் நிரந்தரம், காட்டாவிட்டால் வருஷ முடிவில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் சிங்களம் பேசினால் சிங்களவனே திரும்பிப் பார்ப்பான். அவன் மகள், என் பேத்தி, பொம்மைக்குத் தாலாட்டுப் பாடுவதும் சிங்களத்தில்தான். நான் சந்தையில் சிங்களம் பேசினால் அந்தக் குட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்படிச் சொல்லக் கூடாது தாத்தா என்கிறாள். துறையூர் எந்தப் பக்கம் என்று கேட்டால் சிவனொளிபாத மலையைக் காட்டுகிறாள். அவளிடம் கோபித்துக்கொண்டு என்ன செய்ய.

எட்டாவது வருஷம் கடிதம் வந்தது. இன்ன தேதி காலை ஒன்பதரைக்குக் கண்டி ஆபீசில் தகப்பனும் மகனும் விசாரணைக்கு ஆஜராக வேண்டும், வரத் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. மறு தேதி கிடையாது.

அதே மாதம்தான் காரின் இடது முன்சக்கரம் முனக ஆரம்பித்தது. முதலில் போத்தலுக்குள் வண்டு அடைபட்ட மாதிரி. பிறகு வளைவில் வலது பக்கம் திருப்பும்போது மட்டும் உரக்க. நான் ஸ்குருடிரைவரின் முனையைச் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பேரிங் போயிருந்தது. அந்தச் சத்தம் ஒரு மாதம் என்னோடு வீட்டுக்குள்ளும் வந்தது. சோறு தின்னும்போதும் கேட்டது. பேரிங் சத்தமா, அந்தத் தேதியின் சத்தமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

3

பஸ்ஸை நம்ப முடியாது. மழைக்கு மண் சரிந்தால் கினிகத்தேனையோடு நின்றுவிடும். காரில்தான் போவது என்று முடிவு செய்தேன். நாவலப்பிட்டியில் சொல்லிவைத்திருந்த புதுப் பேரிங் முதல் நாள்தான் வந்து சேர்ந்தது. பட்டறையில் விட்டால் ஒரு வாரம் என்றார்கள். நான் எதற்கு இருக்கிறேன்.

மத்தியானம் தொடங்கினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் இரண்டு மரக்கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடுகிறவன் பிறகு ஒற்றைக் கையால்தான் சோறு பிசைவான். சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்த தகர மூடியை நெம்பினால் உள்ளே கிரீஸ் தார் மாதிரி கறுத்துக் கிடந்தது. அதற்குள் பல் வெட்டிய பெரிய நட்டு. அந்த நட்டுக்குக் குறுக்கே இரட்டைக் கால் உள்ள ஒரு சின்னக் கம்பி. ஸ்பிளிட் பின் என்பார்கள். நம்மூர் மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ, இது அப்படி. எங்கள் காரில் இடது பக்கம் சக்கரம் உருளுகிற திசையும் நட்டுக் கழலுகிற திசையும் ஒன்று. பின் இருக்கிற வரைக்கும்தான் நட்டு நட்டாக இருக்கும்.

ஹப்பை இழுத்து எடுத்தேன். உள்பேரிங்கின் குண்டுகளில் மூன்று, அம்மை வார்த்த முகம் மாதிரி குழி விழுந்திருந்தன. ஒன்று நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு சூட்டில் அப்படி ஆகும். இன்னும் ஐம்பது மைல் ஓட்டியிருந்தால் எங்கேயாவது பள்ளத்துப் பக்கமாகச் சிக்கிக்கொண்டிருக்கும்.

பழைய வளையத்தைப் பித்தளைத் துண்டு வைத்து நாலு பக்கமும் மாறி மாறித் தட்டி வெளியேற்றினேன். அங்கம்மாள் கொதிக்கவைத்த அண்டாத் தண்ணீரில் ஹப்பை முக்கி எடுத்தேன். அது சூட்டில் விரிந்ததும் புது வளையம் அடிக்காமலே போய் உட்கார்ந்தது. இதைப் பட்டறைக்காரன் செய்ய மாட்டான். சுத்தியலால் அடிப்பான். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கை அதன்மேல் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் புழுப் புழுவாகப் பிதுங்கும்வரை ஏற்றினேன். ஹப்பை மாட்டி, நட்டை, ஹப் சுற்றக் கனக்கிற அளவு இறுக்கி, ஒரு பல் பின்வாங்கித் துளைக்கு நேராக வைத்தேன்.

அங்கம்மாள் எனாமல் தட்டில் சாமான்களை வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். இருபது வருஷமாக எனக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறவள் அவள். எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று கேட்காமலே நீட்டுவாள். பழைய பின்னைத் திரும்பப் போடுகிற வழக்கம் என்னிடம் கிடையாது. புதுப் பின் தட்டில் தயாராக இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்தோனி வந்தான்.

4

அந்தோனி ஹட்டனில் பெட்டிஷன் எழுதுகிறவன். எங்கள் இரண்டு விண்ணப்பத்தையும் எழுதியவன் அவன்தான். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். கார்க் கொட்டகைக்கு வெளியே நின்று, கொஞ்சம் தனியாக வரச் சொன்னான். கை துடைத்துக்கொண்டு போனேன். அங்கம்மாளும் தேநீர் வைக்க உள்ளே போனாள்.

“அண்ணே, நெலம சரியில்ல. ஆபீசுல பழைய கப்பல் ஏடு ஒண்ணு எடுத்திருக்காங்க. ராமசாமின்னு பேரு, உங்க ஊரு, உங்க தோட்டம். குடும்பத்தோட போயி பதினாலு மாசம் கழிச்சு வந்ததா எழுதியிருக்கு.”

“நான்தான் போனேன். குடும்பம் வரல.”

“அது நீங்க இல்லண்ணே. வேற ராமசாமி. தோட்டத்துல ராமசாமிக்கா பஞ்சம்? நாளைக்குக் கேட்டா அப்படித்தான் சொல்லணும். சத்தியம் பண்ணித்தான் சொல்லணும்.”

அந்தப் பயணம் உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் தகப்பனார் செத்து, பங்காளிகள் ஏரிக்கரைக் கொல்லையில் வேலி போட்ட வருஷம். பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனவன், பஞ்சாயத்து, கோர்ட்டு, மலைக் காய்ச்சல் என்று பதினாலு மாதம் கிடந்தேன். அந்த மண்ணில் கால் வைத்த முதல் வாரம், இனிமேல் சிலோனே வேண்டாம் என்று நினைத்தேன். ஆறாவது மாதம், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கக்கூட யாருடைய கிணறு என்று யோசிக்க வேண்டியிருந்தபோது, மலையில் பீலிக் குழாயில் தண்ணீர் சும்மா கொட்டுகிறதே என்று நினைப்பு வந்தது. அங்கம்மாளும் ஆறு வயதுத் தங்கராசும் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். அவள் கொழுந்து பறித்து அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். தோட்டத்துக் கிளாக்கர், போனது நான் ஒருவன்தான் என்று விசாரிக்காமல், கப்பல் ஏட்டுக்குப் போகிற சீட்டில் குடும்பம் என்று ஒரு சொல்லை எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லில் என் மகன் இந்த நாட்டில் இல்லாமல் போனான்.

அந்தோனி சொன்னதற்கு நான் சரி என்று தலையாட்டினேன். அவன் போன பிறகு கொட்டகைக்கு வந்தேன். நாளைக்குச் சொல்ல வேண்டிய பொய்யை வாய்க்குள் உருட்டிக்கொண்டே தகர மூடிக்குள் கிரீஸ் வைத்து, தட்டி மூடி, சக்கரத்தை மாட்டினேன். சுற்றிவிட்டேன். சத்தமில்லாமல் சுழன்றது. இந்த மலையில் என்னைப் போல ஒருத்தன் பேரிங் போட மாட்டான் என்று வாய்விட்டே சொன்னேன்.

5

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். சாமி கும்பிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். மூன்று நசுங்கின. இடது முன்சக்கரத்துப் பழம் நசுங்காமல் நழுவி வடிகானுக்குள் ஓடிவிட்டது. தங்கராசு பார்த்தான். நானும் பார்த்தேன். இந்த மாதிரிக் காரியத்துக்குக் கிளம்புகிறபோது கெட்டதைப் பேசுவதில்லை.

அந்த நேரத்தில் அங்கம்மாள் பீலியில் இருந்தாள். மலையில் வடிகிற தண்ணீரைத் தகரக் குழாயில் திருப்பி விட்டிருக்கும் இடத்துக்குப் பீலி என்று பெயர். பித்தளைக் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, முந்தின நாள் எனாமல் தட்டைக் கழுவ எடுத்திருக்கிறாள். தட்டின் அடியில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு அந்தப் புதுப் பின்.

கார் அப்போதுதான் நகர்ந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவள் கூப்பிடவில்லை. எட்டு வருஷம் காத்திருந்த காரியத்துக்குப் போகிற புருஷனையும் பிள்ளையையும் பின்னால் நின்று எப்படிக் கூப்பிடுவாள்? கூப்பிட்டு, கடைசியில் தாள் கிடைக்காமல் போனால் அந்தப் பழி ஆயுசுக்கும் அவள் தலையில். கூப்பிடாவிட்டால் சக்கரம். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம் ஆட்கள்தான்.

எதிரே வந்து நிற்கலாம் என்று நினைத்திருக்கிறாள். எதிரே வருகிறவள் நிறைகுடத்தோடு வந்தால் நல்ல சகுனம். பாதை மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும். கொழுந்துக்காரிகளின் குறுக்குப் பாதை தேயிலைக்கு நடுவே நேராக இறங்கும். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து, பின்னை முந்தியில் முடிந்துகொண்டு அவள் அந்தக் குறுக்குப் பாதையில் இறங்கினாள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. காரில் முனகல் போயிருந்தது. ஆனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடது பக்கம் ஒரு டக். டிக்கியில் ஜாக்கி உருளுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனி அன்றைக்கு முகத்துக்கு முன்னால் பத்தடிதான் விட்டுவைத்திருந்தது. இரண்டாவது வளைவில் பனிக்குள்ளிருந்து அங்கம்மாள் வந்து நின்றாள், இடுப்பில் குடத்தோடு.

“அம்மா எதுக்குப்பா இங்க நிக்கிறாங்க?” என்றான் தங்கராசு.

“சகுனத்துக்கு வந்திருக்கா. நல்ல சகுனம் எதிர வந்தா நிக்கக் கூடாது.”

நான் ஒரு கையைத் தூக்கி அவளுக்கு ஆசி சொல்லிவிட்டு, அவளைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனேன். மனசு நிறைந்திருந்தது. இவ்வளவு அக்கறையுள்ள பொம்பளை வேறு யாருக்கு வாய்ப்பாள் என்று மகனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். பனி மூடுவதற்குள் கண்ணாடியில் அவள் மறுபடியும் தேயிலைக்குள் இறங்குவது தெரிந்தது. வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வளைவு செங்குத்து. இடப்பக்கம் மதகின் குட்டைச் சுவர், அதற்குக் கீழே ஆறு. அங்கே மேட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே உருண்டு வந்து நடுப்பாதையில் விழுந்தது. குடம் கவிழ்ந்தால் என்ன சகுனம் என்று உங்களுக்குத் தெரியும். நான் பிரேக்கை மிதித்தேன். ஸ்டீரிங் கையில் துள்ளியது. கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

நான் இறங்கினது அவளை அடிக்கத்தான். பொய் சொல்ல மாட்டேன். அவள் சேலை கிழிந்து, முழங்காலில் ரத்தத்தோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. முந்தியை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள்.

“இந்தக் கடையாணி எங்கங்க போகணும்?”

தங்கராசு ஜாக்கியை எடுத்துக் கொடுத்தான். சக்கரத்தைக் கழற்றினோம். தகர மூடி வெளியே பிதுங்கியிருந்தது. அதை நெம்பியதும் நட்டு என் கையிலேயே வந்து விழப் பார்த்தது. மரையில் இரண்டு சுற்றுத்தான் மிச்சம். அந்த மெல்லிய தகரம்தான் எங்கள் இரண்டு பேரையும் அதுவரைக்கும் பிடித்து வைத்திருந்தது.

என்னை உலுக்கியது அந்த நட்டு அல்ல. முந்தின நாள் யாராவது கேட்டிருந்தால், பின் போட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருப்பேன். என் கைக்கு அது போட்ட மாதிரியே ஞாபகம். நட்டை மறுபடி இறுக்கி, ஒரு பல் பின்வாங்கி, பின்னைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கினேன். இந்தத் தடவை தொட்டுப் பார்த்தேன். தங்கராசையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கம்மாள் நெளிந்த குடத்தை எடுத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினாள்.

6

ஒன்பதேகாலுக்குக் கண்டி ஆபீசில் இருந்தோம். என் நகத்தில் கிரீஸ் இருந்தது.

உத்தியோகத்தர் மரியாதையானவர். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினார். முதலில் என் பெயர், ஊர், தோட்டம். பிறகு ஏட்டைத் திறந்து, இந்த ராமசாமி நீயா என்றார்.

அந்தோனி சொன்ன பதில் நாக்கின் நுனியில் இருந்தது. இல்லை மாத்தையா, அது வேறு ஆள். அதைச் சொன்னால், நம்பினால் எங்கள் எல்லாருக்கும் தாள். நம்பாவிட்டால் பொய்க்காரன் மகன் என்று தங்கராசு விண்ணப்பமும் அதே கட்டில் கட்டப்படும். ஆமாம் என்றால் என் சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்தது. அங்கம்மாள் ஒரு நாள்கூட இந்த மலையை விட்டுப் போனதில்லை; ஆனாலும் அவள் பெயர் என் தாளில்தான் இருந்தது. அவளைக் கேட்க நேரமில்லை. அவள் நெளிந்த குடத்தோடு முப்பத்தைந்து மைலுக்கு அப்பால் இருந்தாள்.

“நான்தான் மாத்தையா போனேன். தனியாப் போனேன். பதினாலு மாசம் இருந்தேன். என் மகன் வரல. அந்த வருஷம் அவனுக்கு அம்மை போட்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில கிடந்தான். அங்க புஸ்தகம் இருக்கும். எடுத்துப் பாருங்க.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகுதான் மாற்றிச் சொன்னார். உத்தியோகத்தர் நிதானமாக எழுதினார். பேனா நின்ற பிறகு, இதனால் உன் விண்ணப்பத்துக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

திரும்பும்போது பேராதனை தாண்டியதும் தங்கராசு என் பக்கம் திரும்பினான். ஏம்ப்பா என்று மட்டும் கேட்டான். நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்து அங்கம்மாளிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “அவன் இருக்கட்டுங்க” என்றாள்.

7

போன வாரம் வந்த கடுதாசிகள் இவைதான். ஒன்றில், தங்கராசு இந்நாட்டுப் பிரஜையாகப் பதியப்பட்டான் என்று இருக்கிறது. மற்றதில், ராமசாமியும் மனைவி அங்கம்மாளும் தகுதி பெறவில்லை என்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை.

எங்களுக்கு இனித் தற்காலிகத் தங்கல் சீட்டுத்தான். வருஷா வருஷம் போய்க் கேட்க வேண்டும். தரமாட்டேன் என்கிற வருஷம் இந்த வீட்டில் மகன் இருப்பான், நாங்கள் இருக்க முடியாது. நேற்று ஒரு போலீஸ்காரர் வந்து, வீட்டில் யார் யார், எந்தத் தாளில் என்று எழுதிக்கொண்டு போனார். நல்ல மனுஷர், தேநீர் குடித்தார். வாசலில் எங்கள் இரண்டு பேரை ஒரு பக்கமும் மகன், மருமகள், பேத்தியை இன்னொரு பக்கமும் நிறுத்தி எண்ணினார். பேத்தி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு எங்கள் பக்கம் ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்.

ஒரு நாள் நாங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி உங்கள் முன்னால் வந்து இறங்கலாம். அப்போது, சிலோனுக்குப் போன ராமசாமி தாள்கூட வாங்கத் தெரியாமல் திரும்பி வந்தான் என்று ஒருத்தனும் பேசக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்னொன்று. மகனுக்கு வந்த கடிதத்தில் காரணம் என்ற இடத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தால் நிரூபணமாயிற்று என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் புத்தகம் தானாக நடந்து போய் ஆபீசில் உட்காரவில்லை. அது இருக்கிறது என்று சொன்னவன் நான். சொன்னால் என் கதி என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னேன். தகப்பன் ராமசாமியின் வாக்குமூலத்தால் என்று அதைத் திருத்தித் தர வேண்டும் என அந்தோனியை வைத்து ஆபீசுக்கு எழுதியிருக்கிறேன். அவன் சிரித்தான், எழுதிக் கொடுத்தான். ஆபீஸ் திருத்துமோ திருத்தாதோ. உங்கள் மலரில் நீங்கள் அப்படியே போடுங்கள், என் பெயரோடு, என் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சேர்த்து.